கணவனின் கடனும் மனைவியின் பொருளும்: இந்திய நொடிப்பு முறைமையில் ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

வாங்கிய கடனைத் திருப்பிச் செலுத்த இயலாத நிலையைத் தமிழர் பல சொற்களால் குறித்து வந்துள்ளனர். ‘நொடித்துப் போதல்’ என்பது நெடுநாளைய வழக்கு. வடபுலத்திலிருந்து வந்த ‘திவால்’ என்னும் சொல்லும், நீதிமன்ற நடைமுறையின் வழியே பிறந்த ‘ஐ.பி. கொடுத்தல்’, ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தல்’ ஆகிய தொடர்களும் பின்னர் வந்து சேர்ந்தன. இச்சொற்கள் அனைத்தும் கடன்பட்ட ஒருவரையே சுட்டுகின்றன. அவரோடு ஒரே இல்லத்தில் வாழும் வாழ்க்கைத் துணையின் நிலை யாது என்னும் வினாவுக்கு இச்சொற்களில் இடமில்லை. எனினும் ஒருவர் நொடித்துப்போகும்போது முதலில் கலங்குபவர் அவருடைய துணையே ஆவார். தம் நகையும் நிலமும் தமக்கே நிற்குமா, கடன் கொடுத்தோர் தம்மிடம் வர இயலுமா, தாம் பட்ட கடனுக்குத் தனியே வழிதேட முடியுமா என்னும் வினாக்கள் அவர் முன் எழுகின்றன.

இந்திய மரபில் இவ்வினாக்களுக்குத் தரும நூல்களும், ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும், நொடிப்புச் சட்டங்களும் அளித்த விடைகளை வரன்முறையாக எடுத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும். கணவனின் கடன் மனைவியைச் சாராது என்னும் விதி இந்நாட்டில் மிகத் தொன்மையானது. ஆயினும், அவள் இசைந்தால் சாரும் என்னும் விலக்கும் அதே அளவு தொன்மையானதாக விளங்குகிறது. விதியைக் காட்டிலும் இவ்விலக்கே பெண்ணின் பொருள்நிலையைப் பெரிதும் தீர்மானித்து வந்துள்ளது என்பதே ஈண்டு நிறுவப்படும் கருத்து.

காப்பியம் எழுப்பும் வினா

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு இச்சிக்கல் புதிதன்று. சிலப்பதிகாரத்தில் கோவலன் தன் முன்னோர் ஈட்டிய பெரும்பொருளை இழந்து கண்ணகியிடம் திரும்பி வருகிறான். கண்ணகி தன் சிலம்புகள் எஞ்சியுள்ளமையைக் கூறி அவற்றைக் கொள்ளுமாறு தருகிறாள். அவற்றை முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் எனக் கோவலன் கருதுகிறான். கோவலனைக் கடன் கொடுத்தோர் நெருக்கியதாகக் காப்பியம் கூறவில்லை. ஆகவே அவனைச் சட்டப்பொருளில் நொடித்தவன் எனக் கொள்ளுதல் பொருந்தாது. எனினும் கணவனின் பொருள் அழிந்தபின் எஞ்சுவது மனைவியின் அணிகலனே என்பதும், அது அவளுடைய இசைவின் வழியாகவே அவன் கைக்குச் செல்கிறது என்பதும் இங்குத் தெளிவாகப் புலப்படுகின்றன. எஞ்சிய பொருள், துணையின் இசைவு ஆகிய இவ்விரண்டும் பின்வரும் வரலாறு முழுவதிலும் தொடர்ந்து வருகின்றன.

தரும நூல்களில் கடனும் இல்லாளும்

கௌடிலியரின் அர்த்தசாத்திரம், கணவன் பட்ட கடனுக்காக, அதற்கு உடன்படாத மனைவியைப் பிடித்தல் கூடாது என விதிக்கிறது. ஆயர் மனைவியரும், விளைவில் பாதிக்கு உழுவோர் மனைவியரும் இவ்விதிக்கு விலக்காவர். இவ்வகைக் குடும்பங்களில் கணவனும் மனைவியும் சேர்ந்தே தொழில் நடத்தினர் என்பது இவ்விலக்கின் அடிப்படையாகலாம். இதன் மறுதலையும் அந்நூலில் உண்டு. மனைவிக்கு வாழ்வு வசதி செய்யாமல் கணவன் வெளியூர் சென்றுவிட்டால், அவள் பட்ட கடனுக்கு அவன் பொறுப்பாவான்.

யாக்ஞவல்கிய ஸ்மிருதியின் விவகாரப் பகுதி இவ்விதியை மேலும் செப்பமாக வகுக்கிறது. கணவனோ மகனோ பட்ட கடனைப் பெண் கொடுக்க வேண்டுவதில்லை. மனைவி பட்ட கடனைக் கணவன் கொடுக்க வேண்டுவதில்லை. குடும்பத்தின் பொருட்டுப் பட்ட கடன் மட்டும் இதற்கு விலக்கு. ஆயர், கள் விற்போர், கூத்தர், வண்ணார், வேடர் ஆகியோரின் மனைவியர் பட்ட கடனைக் கணவன்மார் தீர்க்க வேண்டும். அவர்களுடைய பிழைப்பு அப்பெண்களைச் சார்ந்திருப்பதே இதற்குக் காரணமாகக் கூறப்படுகிறது. இதனையடுத்து, ஒரு பெண் தீர்க்க வேண்டிய கடன்கள் மூன்று என அந்நூல் வரையறுக்கிறது. தான் ஏற்பதாக ஒப்புக்கொண்ட கடன், கணவனுடன் சேர்ந்து பட்ட கடன், தானே பட்ட கடன் என்பன அவை. இவையன்றிப் பிற கடன் எதனையும் அவள் கொடுக்கக் கடமைப்பட்டவள் அல்லள்.

இம்மூவகைப் பாகுபாடு குறிப்பிடத்தக்கது. இன்றைய வங்கிப் பத்திரங்களில் காணப்படும் பிணையாளர், கூட்டுக் கடனாளி, தனிக் கடனாளி ஆகிய மூன்று நிலைகளும் இவற்றோடு ஏறத்தாழ ஒத்து நிற்கின்றன. மகனின் நிலை இதனின்றும் வேறானது. தீயொழுக்கத்தின் பொருட்டு அல்லாத தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் சமயக் கடமையாகக் கருதப்பட்டது. இக்கடமையை அடிப்படையாகக் கொண்டு மகனின் பங்கைக் கடன் கொடுத்தோர் அடையும் வழியை, புதிய கடன்களைப் பொறுத்தவரை, 2005-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டமே அடைத்தது. மனைவிமீது அத்தகைய கடமை எக்காலத்தும் சுமத்தப்படவில்லை.

இடர்க்காலத்தில் சீதனம்

கடன் கொடுத்தவன் நேரே மனைவியை அணுக இயலாது எனினும், கணவன் வழியாக அவளுடைய பொருளை அடைய இயலுமா என்பது அடுத்த வினா. ‘ஸ்த்ரீதனம்’ என்னும் வடசொல்லே தமிழில் ‘சீதனம்’ என வழங்குகிறது. பேச்சுவழக்கில் அது மணக்கொடை என்னும் பொருளையும் ஏற்றுக்கொண்டது. சட்டநூல்களில் அது பெண்ணுக்கே உரிய பொருளைக் குறிக்கும்.

சீதனத்தைக் கணவனோ மகனோ தந்தையோ உடன்பிறந்தாரோ தம் விருப்பப்படி பயன்படுத்த உரிமையற்றவர் என்றும், வலிந்து நுகர்ந்தால் வட்டியுடன் திருப்பித் தரவேண்டும் என்றும் காத்தியாயனர் கூறுகிறார். ஆனால் யாக்ஞவல்கியர் நான்கு இடர்களைக் குறிப்பிட்டு, அவற்றின்போது கணவன் எடுத்துக்கொண்ட சீதனத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்கிறார். பஞ்சம், அறச்செயல், நோய், தடைப்பட்டு நிற்கும் நிலை என்பன அவை. இறுதியில் உள்ள ‘சம்பிரதிரோதகம்’ என்னும் சொல்லுக்கு, சிறைப்படுதல் முதலியன எனப் பொருள் கொள்ளுதல் மிதாட்சர மரபு. கடனுக்காகச் சிறைப்படுதல் இயல்பாக இருந்த காலத்தில், கணவனை மீட்க மனைவியின் அணிகலன் செலவாகலாம் என்பதற்கு இச்சொல் இடமளித்தது.

அர்த்தசாத்திரம் மணவகையையும் கணக்கில் கொள்கிறது. அறமணங்களில், மக்களைப் பெற்ற தம்பதியர் மூன்றாண்டுகள் சேர்ந்து நுகர்ந்த சீதனம் குறித்துக் கேள்வி எழுப்புதல் இயலாது. காந்தர்வம், ஆசுரம் ஆகிய மணங்களில் நுகர்ந்ததை வட்டியுடன் திருப்ப வேண்டும். இராக்கதம், பைசாசம் ஆகியவற்றில் அது களவாகவே கருதப்படும். சமூக மதிப்பு மிக்க மணமே பெண்ணின் மீட்புரிமையைக் குறைத்தது என்பது இங்குச் சிந்தித்தற்குரியது.

கணவனுக்குரிய இவ்விடர்க்கால உரிமையைக் கடன் கொடுத்தோரும் பயன்படுத்தலாமா என்னும் சிக்கல் ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களின்முன் வந்தது. அவ்வுரிமை கணவனின் தனியுரிமை என்றும், அவன் தானே அதனைப் பயன்படுத்தாதபோது, அவன்மீது தீர்ப்பாணை பெற்றவர் மனைவியின் சீதனத்தைப் பற்றுகை செய்ய இயலாது என்றும் பம்பாய் உயர்நீதிமன்றம் 1871-இல் கொண்டது. பிற்கால இந்துச் சட்ட நூல்கள் இதனை நிலைபெற்ற விதியாக எடுத்தாளுகின்றன. இதன் விளைவு நுட்பமானது. கடன் கொடுத்தோர்க்கு வாயில் அடைக்கப்பட்டது; கணவனுக்குத் திறந்தே இருந்தது. கடன் நெருக்கடியில் உள்ள கணவன் தானே மனைவியிடம் கேட்டுப் பெற்றுக் கடனைத் தீர்த்தால், சட்டம் குறுக்கே நிற்கவில்லை.

மனைவியின் தனிக்கடன்

1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் செய்யும் தகுதியைப் பால் அடிப்படையிலோ மண அடிப்படையிலோ மறுக்கவில்லை. எனவே இந்து மணமகள் தன் பெயரிலேயே கடன் வாங்க இயலும். ஆயினும் அக்கடனுக்கு அவளுடைய சீதனமே ஈடு. அவ்வளவிலேயே அவளுடைய பொறுப்பு அடங்கும் எனப் பம்பாய் உயர்நீதிமன்றம் 1870-களில் தீர்ப்பளித்தது. இதனைப் பாதுகாப்பு எனவும் கொள்ளலாம். தடை எனவும் கொள்ளலாம். சீதனம் குறைந்தவளுக்குக் கடன் கொடுக்க எவரும் முன்வரார்.

இங்கிலாந்தின் பொதுச்சட்ட மரபில் நிலைமை வேறாக இருந்தது. மணமானவுடன் பெண்ணின் அசையும் பொருள் கணவனுக்கே உரியதாயிற்று. கணவன் நொடித்தால் அதுவும் அவனுடைய கடனுக்குப் போகும். 1870, 1882-ஆம் ஆண்டுகளின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டங்கள் இம்முறையை மாற்றின. அவற்றுள் 1882-ஆம் ஆண்டுச் சட்டம், மனைவி கணவனின் தொழிலுக்குக் கொடுத்த கடனைப் பிற கடன் கொடுத்தோர் அனைவரும் பெற்ற பின்னரே அவள் பெறலாம் என விதித்தது.

இந்தியாவில் கிறித்தவர் முதலியோர்க்குப் பொருந்திய 1865-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம், மணத்தால் மட்டும் ஒருவர் மற்றவரின் சொத்தில் உரிமை பெறுவதில்லை என அறிவித்தது. அதனைத் தொடர்ந்து வந்த 1874-ஆம் ஆண்டின் மணமான பெண்டிர் சொத்துரிமைச் சட்டம், மனைவியின் ஊதியம் அவளுக்கே உரியது என்றும், அவள் தன் பெயரில் வழக்குத் தொடரலாம் என்றும், அவளுடைய தனிச்சொத்தை நம்பிக் கடன் கொடுத்தவர் அச்சொத்திலிருந்தே அதனைப் பெறலாம் என்றும் வகுத்தது. இந்து, இசுலாம், பௌத்தம், சீக்கியம், சமணம் ஆகிய சமயத்தார் இச்சட்டத்திற்குப் புறம்பாகவே வைக்கப்பட்டனர்.

காப்பீட்டுப் பத்திரமும் சென்னையின் தேதியும்

1874-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு தனித்து நோக்கத்தக்கது. கணவன் தன் உயிர்மீது எடுத்து, மனைவி மக்களின் நலனுக்கென்று வெளிப்படையாகக் குறித்த ஆயுள் காப்பீட்டுப் பத்திரம், அவர்களுக்கான அறக்கட்டுப் பொருளாகும். கணவனுக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. அவனுக்குக் கடன் கொடுத்தோர்க்கும் இல்லை. கடன் கொடுத்தோரை ஏய்க்கும் நோக்குடன் எடுக்கப்பட்டிருப்பின், அப்பத்திரத்தின் தொகையிலிருந்து அவர்கள் கோரலாம்.

இப்பிரிவு இந்துக்களுக்கும் பொருந்துமா என்னும் வினாவை முதலில் தெளிவாக எதிர்கொண்டது சென்னை உயர்நீதிமன்றம். அதன் முழு ஆயம் பொருந்தும் எனத் தீர்ப்பளித்தது. பிற மாகாணங்களில் கருத்து வேறுபாடு நீடித்தமையால் 1923-இல் திருத்தச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அதன்படி இந்து, இசுலாமிய, சீக்கிய, சமண சமயத்தார் எடுத்த பத்திரங்களுக்கு இப்பாதுகாப்பு சென்னையில் 1913 டிசம்பர் 31-க்குப் பின்னரும், ஏனைய பகுதிகளில் 1923 ஏப்ரல் 1 முதலும் பொருந்தும். ஒரு நடுவண் சட்டத்தில் சென்னைக்கு மட்டும் தனித் தேதி இடம்பெற்றிருப்பதன் பின்னணி இத்தீர்ப்பேயாகும். நொடித்த கணவனின் மனைவிக்கு, அவளுடைய சீதனத்திற்கு அப்பால், கடன் கொடுத்தோரின் கைபடாத ஒரு பொருளை உருவாக்கித் தரும் வழி இதனால் இந்துக் குடும்பங்களுக்கும் கிட்டியது.

1909, 1920 நொடிப்புச் சட்டங்கள்

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டின் மாகாணத் தலைநகர நொடிப்புச் சட்டமும், ஏனைய பகுதிகளுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் அமைந்தன. முன்னதில் நொடித்தவரின் சொத்து ‘அபிஷியல் அசைனி’ என்னும் அலுவலரிடமும், பின்னதில் நீதிமன்றத்திடமோ ‘ரிசீவர்’ என்பவரிடமோ சென்றடையும். இவ்விரு சட்டங்களிலும் நொடிப்பு என்பது தனியாளின் நிலையே. கணவன் நொடித்தவனாக அறிவிக்கப்படுவதால் மனைவி நொடித்தவள் ஆவதில்லை. ஆயினும் அவளுடைய நிலையை நான்கு வகையில் இச்சட்டங்கள் தொட்டன.

முதலாவது, வீட்டில் எஞ்சும் பொருள். 1909-ஆம் ஆண்டுச் சட்டம், நொடித்தவரின் தொழிற்கருவிகளோடு அவருக்கும் அவர் மனைவி மக்களுக்கும் தேவையான உடை, படுக்கை, சமையற் பாத்திரங்கள், தட்டுமுட்டுப் பொருள்கள் ஆகியவற்றை மொத்தம் 300 ரூபாய் மதிப்பளவில் விட்டுவைத்தது. 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், சமய வழக்கப்படி எந்தப் பெண்ணும் பிரிய இயலாத அணிகலன்களைப் பற்றுகையிலிருந்து விலக்கியது. தமிழகத்தில் தாலி இவ்விலக்கிற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தாலியல்லாத பிற நகைகள் மனைவியுடையவை என்பதை நிறுவும் சுமை பெரும்பாலும் அவள்மீதே விழுந்தது.

இரண்டாவது, கணவன் மனைவிக்கு அளித்த சொத்து. நல்லெண்ணத்துடன் மதிப்பீடு பெற்றுச் செய்யப்படாத உரிமை மாற்றம், மாற்றியவர் இரண்டாண்டுகளுக்குள் நொடித்தவராக அறிவிக்கப்பட்டால் செல்லாததாக்கப்படலாம். மணத்திற்கு முன்பு, மணத்தை ஈடாகக் கொண்டு செய்த மாற்றத்திற்கு மட்டும் இதில் விலக்கு உண்டு. மணத்தின்பின் அன்பின் பேரில் எழுதிக்கொடுத்த வீடு காப்பாற்றப்படவில்லை. மனைவியின் பெயரில் வாங்கிய நிலமும் ஐயத்திற்கு உள்ளாயிற்று. இங்கிலாந்தில் மனைவி பெயரில் கணவன் வாங்கியது அவளுக்கான கொடையென ஊகிக்கப்படும். இந்தியாவில் அவ்வூகம் இல்லையெனப் பிரிவி கவுன்சில் 1854-இல் மகன் பெயரில் வாங்கிய சொத்து பற்றிய வழக்கில் கூறியது. பின்னர் இவ்விதி மனைவிக்கும் பொருத்தப்பட்டது. பணம் கணவனுடையது என நிறுவப்பட்டால், கடன் கொடுத்தோர் அச்சொத்தைக் கோர இயன்றது. 1988-ஆம் ஆண்டின் பினாமித் தடைச் சட்டமே, மனைவி பெயரில் வாங்கியது அவள் நலனுக்கே என்னும் ஊகத்தை, மாறாக நிறுவப்படும் வரையில், ஏற்படுத்தியது. 2016-இல் செய்யப்பட்ட திருத்தம் இதனை வேறு வடிவில் அமைத்து, அறியப்பட்ட வருவாயிலிருந்து துணையின் பெயரில் வாங்கிய சொத்தைப் பினாமி வரையறைக்கு வெளியே நிறுத்தியது.

மூன்றாவது, மனைவியே கடன் கொடுத்தவளாக நிற்கும் நிலை. இசுலாமியச் சட்டத்தில் மகர் கணவன் மனைவிக்குத் தரவேண்டிய கடனாகும். எனவே அவன் நொடித்தால் அவள் ஈடற்ற கடன் கொடுத்தோருள் ஒருத்தியாக வரிசையில் நிற்பாள். கடன் நெருக்கடியில் இருக்கும் கணவன் மகருக்கு ஈடாகச் சொத்தை எழுதித் தருவது, உண்மையான கடனைத் தீர்ப்பதாகையால் கொடையென ஒதுக்கப்படவில்லை. நொடிப்பு மனுவுக்கு முந்திய மூன்று மாதங்களுக்குள், அவளுக்கு முன்னுரிமை தரும் நோக்குடன் அது செய்யப்பட்டிருந்தால் மட்டும் நொடிப்புச் சட்டம் தலையிடும். மேலும், வாழ்க்கைப்படி பற்றிய குற்றவியல் நீதிமன்ற ஆணையின் கீழ் உள்ள பொறுப்பினின்றும் நொடித்தவரை விடுவிப்பு ஆணை விடுவிக்காது. பிற கடன் அனைத்தும் தீர்ந்ததாகக் கருதப்பட்ட பின்னரும் மனைவியின் இவ்வுரிமை நிலைத்து நின்றது.

நான்காவது, மனைவி தானும் நொடிப்புப் பாதுகாப்பை நாடும் வழி. 1920-ஆம் ஆண்டுச் சட்டப்படி கடனாளி மனுச் செய்ய மூன்று வாயில்கள் இருந்தன. கடன் 500 ரூபாயை எட்டியிருத்தல், பணத் தீர்ப்பாணைக்காகக் கைதாகியிருத்தல், சொத்து பற்றுகை செய்யப்பட்டிருத்தல் என்பன அவை. 1888-ஆம் ஆண்டின் சட்டம் முதல், பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்ணைக் கைது செய்தல் தடைசெய்யப்பட்டது. அது பெரும் நலம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் சிறுகடன்பட்ட, பற்றுகைக்குரிய சொத்தும் இல்லாத பெண்ணுக்கு நொடிப்பு மன்றத்தின் வாயில் அடைபட்டே இருந்தது. கணவன் மனுச் செய்து விடுவிப்புப் பெற்ற பின்னும், அவள் தன் சிறுகடனோடு தனித்து நின்றாள்.

கையொப்பத்தின் வலிமை

மேற்கூறிய பாதுகாப்புகள் அனைத்தும் மனைவி கணவனின் கடன் பத்திரத்தில் கையொப்பமிடாத வரையிலேயே பயன்தரும். ஒப்பந்தச் சட்டத்தின்படி, கூட்டாக வாக்களித்தோருள் எவரிடமிருந்தும் கடன் முழுவதையும் கோரலாம். பிணையாளரின் பொறுப்பு கடனாளியின் பொறுப்போடு ஒத்த அளவினது. இரு நொடிப்புச் சட்டங்களும் இதனை வெளிப்படையாகவே உறுதி செய்தன. நொடித்தவருக்குக் கிடைக்கும் விடுவிப்பு ஆணை, அவரோடு கூட்டாகக் கடன்பட்டவரையோ அவருக்குப் பிணை நின்றவரையோ விடுவிப்பதில்லை. ஆகவே கணவன் கடன் தீர்ந்தவனாக வெளியேறும்போது, உடன் கையொப்பமிட்ட மனைவி முழுக்கடனுக்கும் ஆளாகிறாள். அவள் கொடுத்ததைக் கணவனிடம் திரும்பப் பெறும் உரிமையும் நொடிப்பினால் பெரிதும் பயனற்றதாகிறது. யாக்ஞவல்கியர் கூறிய ‘ஒப்புக்கொண்ட கடன்’ இவ்வாறு புதிய வடிவம் பெற்றது.

இவ்விசைவு எத்தகையது என வினவும் மரபும் இந்தியச் சட்டத்தில் இருந்தமை மறத்தற்கில்லை. 1867-இல் பிரிவி கவுன்சில் தீர்த்த ஷம்சுன்னிசா பேகம் வழக்கில், திரைமறைவில் வாழ்ந்த மனைவியின் அரசுக் கடன் பத்திரங்கள் கணவன் கைக்குச் சென்றிருந்தன. தான் அவற்றை விலைக்கு வாங்கியதாகக் கணவன் கூறினான். அதனை நிறுவும் சுமை அவன்மீதே சார்ந்தது எனக் கவுன்சில் கொண்டது. கோஷாப் பெண் எழுதிக்கொடுத்த பத்திரத்தை நம்புவோர், அவள் அதன் பொருளை உணர்ந்து எழுதினாள் என நிறுவ வேண்டும் என்னும் கோட்பாடு இவ்வகை வழக்குகளின் வழியே உறுதிப்பட்டது.

இக்கோட்பாடு திரையை அடையாளமாகக் கொண்டது. எழுத்தறிந்து வெளியுலகில் பழகும் பெண்ணுக்கு இது நீட்டிக்கப்படவில்லை. அவள் தகாச் செல்வாக்கு நிகழ்ந்தது என்பதைப் பிறரைப் போலவே நிறுவ வேண்டியவள் ஆனாள். இங்கிலாந்தில் இதற்கு மாறான வளர்ச்சி காணப்படுகிறது. கணவனின் கடனுக்கு மனைவி பிணை நிற்கும்போது அவளுக்கு உரிய விளக்கம் கிடைத்ததா என்பதில் வங்கி கருத்துச் செலுத்த வேண்டும் எனப் பிரபுக்கள் அவை 1993-இலும் 2001-இலும் விரிவாக வகுத்தது. திரைமறைவில் வாழ்ந்த பெண்ணுக்காக இந்தியா முன்னரே கண்ட அறம், அங்குக் கல்வியறிவு பெற்ற பெண்ணுக்கும் உரியதாயிற்று.

கணவனும் மனைவியும் பொருளால் தனித்தனியர் என்னும் பொதுவிதிக்குக் கோவா ஒரு விலக்கு. 1867-ஆம் ஆண்டின் போர்ச்சுகீசிய உரிமையியல் சட்டத் தொகுப்பின் வழிவந்த மரபில், வேறு உடன்படிக்கை இல்லையெனில் இருவர் சொத்தும் பொதுவாகும். அங்கே மனைவிக்குப் பாதி உரிமை உண்டு. இருவர் நலனுக்காகவும் பட்ட கடன் பொதுச்சொத்தைச் சாரும் என்பது அதன் மறுபக்கம்.

விடுதலைக்குப் பின்

1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, இந்துப் பெண் உடைமையாகக் கொண்ட சொத்தில் அவளுக்கு முழுவுரிமை அளித்தது. 1985-இல் பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம், சீதனம் மனைவியின் முழுவுரிமைப் பொருள் என்றும், மணத்தால் அது கூட்டுச்சொத்தாவதில்லை என்றும் தெளிவுபடுத்தியது. 2024 ஏப்ரலில் வழங்கிய தீர்ப்பொன்றிலும், இடர்க்காலத்தில் கணவன் சீதனத்தைப் பயன்படுத்தலாம் எனினும் அதனைத் திருப்பித் தரும் அறக்கடப்பாடு உடையவன் என அந்நீதிமன்றம் கூறி, நகையை இழந்த மனைவிக்கு 25 இலட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டது. திருப்பித் தர வேண்டியதில்லை என்னும் யாக்ஞவல்கிய விதியிலிருந்து திருப்பித் தர வேண்டும் என்னும் நிலைக்குச் சட்டம் நகர்ந்துள்ளமை இதனால் புலனாகிறது.

2016-ஆம் ஆண்டின் நொடிப்பு மற்றும் திவால் தொகுப்புச் சட்டம் தனியாள் நொடிப்புக்கும் புதிய விதிகளை வகுத்தது. இவ்விதிகள் 2019 டிசம்பர் 1 முதல், நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்ற தனியாட்களுக்கு மட்டும் நடைமுறைப்படுத்தப்பட்டன. இவ்வறிவிக்கை செல்லும் என உச்ச நீதிமன்றம் 2021 மே மாதம் தீர்ப்பளித்தது. குடும்ப நிறுவனத்தில் இயக்குநராகப் பெயரிடப்பட்டுப் பிணைப் பத்திரத்தில் கையொப்பமிட்ட மனைவியரும் இவ்வகையினுள் அடங்குவர். நிறுவனத்திற்குக் கிடைக்கும் தடைக்காலப் பாதுகாப்பு பிணையாளருக்குக் கிடைக்காது என 2018-இல் அந்நீதிமன்றம் முன்னரே கூறியிருந்தது.

புதிய சட்டம் வாழ்க்கைத் துணையைக் கடனாளியின் ‘நெருங்கிய குடும்பம்’ என்னும் வரையறையுள் வைத்து, அதன் வழியே ‘தொடர்புடையவர்’ ஆக்குகிறது. கடனாளிக்குக் கடன் கொடுத்தவராகத் துணை இருப்பினும், திருப்பிச் செலுத்தும் திட்டத்தின்மீது வாக்களிக்கும் உரிமை அவருக்கு இல்லை. திவால் மனுவுக்கு முந்திய இரண்டாண்டுகளில் தொடர்புடையவரோடு நிகழ்ந்த பரிமாற்றம் குறைமதிப்புப் பரிமாற்றமாகக் கொள்ளப்படும். ஒரு கடன்காரருக்கு முன்னுரிமை தந்ததை ஆராயும் காலம் பிறருக்கு ஆறு மாதம், தொடர்புடையவர்க்கு இரண்டாண்டு. 1909-ஆம் ஆண்டுச் சட்டம் மணத்தை ஈடாகக் கொண்ட மாற்றத்தைக் காத்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனையே குறைமதிப்புப் பரிமாற்ற வகைகளுள் ஒன்றாகச் சேர்த்தது. மறுபுறம், சமய வழக்கப்படி பிரிய இயலாத அணிகலன், குடும்பத்தார் பெயரிலுள்ள ஈடு வைக்கப்படாத ஆயுள் காப்பீடு ஆகியவை விலக்கப்பட்டன. வாழ்க்கைப்படிப் பொறுப்பும் விலக்கப்பட்ட கடனாகவே தொடர்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. துணையின் நொடிப்பு மற்றவரை நொடித்தவராக்காது என்னும் விதி அர்த்தசாத்திரம் தொடங்கி இன்றுவரை மாறவில்லை. மனைவிக்கென எஞ்சும் பொருளைச் சட்டம் காலந்தோறும் விரிவாக்கியுள்ளது; தாலியும் சீதனமும் மட்டும் நின்ற இடத்தில் ஊதியம், காப்பீடு, முழுவுரிமைச் சொத்து ஆகியன வந்து சேர்ந்துள்ளன. இவ்விரண்டையும் பயனற்றதாக்கும் ஆற்றல் அவளுடைய இசைவுக்கு உண்டு என்பது மூன்றாவது.

பெண்ணின் சொத்து வளருந்தோறும் அவளுடைய கையொப்பத்தின் மதிப்பும் கடன் கொடுப்போரிடையே வளர்கிறது. சொத்தில்லாதவளிடம் எவரும் பிணை கேட்பதில்லை. எனவே சொத்துரிமைச் சட்டங்களின் வெற்றியே இசைவு பற்றிய வினாவை முன்னினும் கூர்மையாக்கியுள்ளது. கோஷாப் பெண் எழுதியதன் பொருளை உணர்ந்தாளா என அன்றைய நீதிமன்றம் கேட்டது. கணவனின் தொழிலுக்காக வங்கியில் கையொப்பமிடும் இன்றைய பெண்ணைக் குறித்து அவ்வினாவை எழுப்பும் பொது விதி இந்தியச் சட்டத்தில் இன்னும் உருப்பெறவில்லை. தரும நூலார் பெண்ணைக் கணவன் கடனிலிருந்து காத்தபோது, அவள் ஒப்புக்கொண்ட கடன் எனத் தனியே ஒன்றை வைத்தனர். அவ்வொப்புதல் எவ்வாறு பெறப்பட்டது என்பதை வரையறுப்பதே இனிச் செய்ய வேண்டுவதாகும்.